வயலில் விளைந்த காதல்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். திருச்சியில் உடன் வேலை பார்க்கும் தோழி, பண்ணையில் நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவல் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். படிக்கலாமா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாக! பெருமாளைக் காதலித்த துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி வைத்து, ரொட்டி அமுது செய்விக்கும் ஊர் உங்களுடையது. ஒரு நாவலுக்கா அங்கே இடமில்லை?

இந்த வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர் கனடாவின் ஜேனட் ஓக். 1979-இல் வந்த அவருடைய முதல் நாவலில், கணவனை இழந்த கர்ப்பிணி ஒருத்தி, தாயில்லாக் குழந்தையுடன் தவிக்கும் விவசாயியை மணக்கிறாள். காதல் பிறகுதான் வருகிறது. நம் பாட்டிமார் கதையும் அதுதானே!

இவற்றுக்கெல்லாம் மூத்தது பைபிளின் ரூத் கதை. பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்க வந்த அந்த மோவாப் தேசத்து விதவைக்காக, வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள் என்று அறுப்பவர்களிடம் சொல்கிறான் போவாஸ். இதைவிட நாகரிகமான காதல் கடிதம் எனக்குத் தெரியாது. நான்கே அதிகாரங்கள், முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

நாயகன் நாள் முழுக்கச் சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருந்தால் அது மட்டமான நாவல். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று காத்திருக்கும் காவிரிக்கரைக்காரர்களை அப்படி ஏமாற்ற முடியாது. வேர்வை தெரிந்தால் கடைசிப் பக்கம்வரை போங்கள். முடித்ததும் தோழிக்கு ஒரு திருப்பாவை வாங்கிக் கொடுங்கள்.