கை நீட்டாத அதிகாரி

சென்னை ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் படிகளில் ஃபைல் கட்டோடு ஏறி இறங்கிய பழைய ஆட்களுக்குத்தான் உங்கள் அருமை தெரியும், சுங்கத் துறையின் இடர் மேலாண்மைக் கணினியே, ஆர்எம்எஸ் ஐயா. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் மேசை மேசையாக நகர்ந்த காலம் அது. மேசைக்கு மேசை ஒரு கை நீளும். 2005-ல் மும்பை சஹார் விமானச் சரக்கு வளாகத்தில் பொறுப்பேற்ற நாளிலிருந்து நீங்கள் யாரிடமும் கை நீட்டியதில்லை. எந்தப் பெட்டியின் மேலும் உங்கள் கை பட்டதும் இல்லை. அவ்வளவு சுத்தமான கை.

நம்புவதில் உங்களுக்கு நிகர் யார்? இறக்குமதியாளர் பொருளின் பெயரை எழுதுகிறார், வகைப்பாட்டு எண்ணைப் போடுகிறார், எந்த நாட்டிலிருந்து வருகிறது, என்ன விலை என்பதையும் அவரே சொல்கிறார். 2011 முதல் வரியைக் கணக்கிடுவதும் அவரே. அதையெல்லாம் பழைய பதிவுகளோடு ஒட்டிப் பார்த்து, பெரும்பாலான சரக்குகளைத் திறக்காமலே அனுப்பிவைக்கிறீர்கள். அப்படி அனுப்பாவிட்டால் துறைமுகம் ஒரே வாரத்தில் மூச்சுத் திணறிவிடும். இந்த வேகத்தால் பிழைப்பவர்களில் நானும் ஒருவன்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்கள் வந்து இறங்கின. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்தவை. தாள்களில் இருந்தது டால்க் கல். இறக்குமதியாளரின் முகவரி விஜயவாடா. விஜயவாடாவுக்குப் போக வேண்டிய கல், பக்கத்திலேயே கிழக்குக் கரைத் துறைமுகங்கள் இருக்கும்போது நாட்டின் மறுகோடியில் ஏன் இறங்கியது? வழக்கு வந்தபோது குஜராத் நீதிமன்றமே இந்தக் கேள்வியைக் கேட்டது. இதைக் கேட்கச் சட்டப் புத்தகம் தேவையில்லை; பள்ளிக்கூட வரைபடம் போதும். அந்த நாடு, அந்த வழி, அந்த முகவரி என எல்லாத் தகவல்களும் உங்களிடம் ஒழுங்காக இருந்தன. ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. பெட்டிகளைத் திறக்க வைத்தது வருவாய்ப் புலனாய்வுத் துறைக்குக் கிடைத்த உளவுத் தகவல். உள்ளே ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் இருந்தது. அதே இறக்குமதியாளர் பெயரில் ஜூன் மாதமே ஒரு சரக்கு முந்த்ராவில் இறங்கி டெல்லிக்குப் போயிருந்தது பிறகுதான் விசாரணையில் தெரிந்தது. அது யார் வீட்டுப் பிள்ளையின் நரம்பில் போய்ச் சேர்ந்ததோ என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நீங்கள் கண்டிப்பானவர் அல்ல என்று யாரும் சொல்லிவிட முடியாது. மண்ணடியில் என் வாடிக்கையாளர் ஒருவர் தையல் மெஷின் உதிரிபாகங்களை முதன்முறையாக வரவழைத்தார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். புது ஆள், பழைய பதிவு இல்லை, பிடித்து வைத்துவிட்டீர்கள். சிஎஃப்எஸ் எனும் சரக்கு நிலையத்தின் சிமென்ட் தரையில் பதினான்கு அட்டைப்பெட்டிகளையும் பிரித்துப் போட்டு, ஊசி பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மழைச் சாரல் பட்ட அட்டைகள் ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தன. எழுதிய கணக்கும் எண்ணிய கணக்கும் ஒரு பாக்கெட் பிசகாமல் ஒத்துப்போயின. அதற்குள் பதினோரு நாள் டிடென்ஷன், டிமரேஜ் என்ற தாமதக் கட்டணங்கள் ஏறி, லாபம் என்று அவர் நினைத்து வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டன. அவரை நீங்கள் அவமதிக்கவில்லை, அதட்டவில்லை, வா போ என்று பேசவும் இல்லை. "ஏன் சார் என்னைப் பிடிச்சாங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். காரணம் சொல்லும் வழக்கம் உங்களிடம் இல்லை. ரகசியம் காப்பதில் அத்தனை உறுதி.

முகம் பார்க்காத மதிப்பீட்டை 2020 ஜூனில் முதலில் பெங்களூருக்கும் சென்னைக்கும்தான் உங்கள் துறை தந்தது. அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுதும் வந்துவிட்டது. சென்னையில் இறங்கும் துணியை எந்த ஊரிலோ இருக்கும் அதிகாரி திரையில் பார்த்துத் தீர்மானிக்கிறார். இதனால் பேரம் குறைந்தது உண்மை, மனதாரச் சொல்கிறேன். முன்பெல்லாம் விரலிடையில் துணியைத் தேய்த்தே பருத்தி எவ்வளவு, பாலியெஸ்டர் எவ்வளவு என்று சொல்லும் அப்ரெய்சர்கள் இருந்தார்கள். அந்த விரல்களுக்கு நீங்கள் முழு ஓய்வு கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் துறையின் நினைவாற்றலைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். 2015-ல் சென்னையில் சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் பிடிபட்டது. கன்டெய்னர்கள் 37. எல்லாம் மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் வைக்கப்பட்டன. எத்தனை டன், எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பதிவேடுகளில் பத்திரமாக இருந்தது. பெட்டி உள்ளே வரும்போது அதன் அபாயத்தைக் கணக்கிடத் தெரிந்த துறைக்கு, வந்த பெட்டி வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தால் அபாயம் என்ன என்று கணக்கிட மட்டும் தோன்றவில்லை. மணலியில் மக்கள் சமைத்தார்கள், தூங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்.

2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, இதே போலப் பறிமுதல் செய்து கிடங்கில் போட்டு வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து பெய்ரூட் துறைமுகம் சிதறியது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மணலியில் மீதமிருந்த 697 டன், அதற்குப் பிறகுதான் லாரிகளில் ஏறி ஹைதராபாத்துக்குப் புறப்பட்டது.