அடுத்த வீட்டுக்காரனுக்குக் காது எதற்கு?

ஃபிளாட் வாங்கப் போகிறவர் முதலில் வாசல் எந்தத் திசை என்று கேட்பார். அடுத்தது தண்ணீர்: மெட்ரோவா, போரா, உப்பா. அப்புறம் கார் பார்க்கிங். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் சுவர் எத்தனை அங்குலம் என்று கேட்டவரை நான் கண்டதில்லை. கேட்டால் புரமோட்டர், "நாலரை இன்ச் சார், எல்லாரும் போடுறதுதான்" என்பார். அந்த நாலரை அங்குலச் செங்கலுக்கு ஒரு பக்கம் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்த நர்ஸ், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பையன், பைபாஸ் ஆகி வீடு திரும்பிய பெரியவர். மறுபக்கம் ஒரு ஹோம் தியேட்டர். அதன் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸ் கணக்கு மட்டும் உண்மையாக இருந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை இழுத்து மூடிவிடலாம்.

இந்தக் கட்டுரை அந்த மறுபக்கத்து ரசிகருக்கு. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராமல் சத்தமாகப் பாட்டுக் கேட்பது எப்படி என்று சொல்லப்போகிறேன். அவர் என்னிடம் கேட்கவில்லைதான். கேட்காதவர் காதில் கொண்டுபோய் ஊற்றும் கலையை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஐயா, உங்கள் வீட்டில் ஒலிப்பது பாட்டு. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது பாட்டல்ல. சுவருக்கு ராகம், தாளம், பாடகர் யார் என்பதெல்லாம் தெரியாது. எடை ஒன்றுதான் அதன் கணக்கு. கீச்சென்ற ஒலிகளையும் பேச்சுச் சத்தத்தையும் நாலரை அங்குலச் சுவர்கூட ஓரளவு தடுத்துவிடும். உங்கள் சப்-ஊஃபர் கக்கும் 50 ஹெர்ட்ஸ் பேஸ் அப்படியல்ல. அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர்; உங்கள் ஹாலே அவ்வளவு நீளம் இருக்காது. அது சுவரையும் தரையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு வரும். குரலையும் வயலினையும் நீங்கள் வைத்துக்கொண்டு, டும் டும் டும் என்ற இடியை மட்டும் எங்களுக்கு அனுப்புகிறீர்கள். எந்தப் படத்துப் பாட்டு என்று தெரிந்தாலாவது சேர்ந்து முணுமுணுத்துத் தொலைக்கலாம். அதற்கும் வழியில்லை.

சுவரை இரண்டு மடங்கு கனமாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்கிறது ஒலியியல். அதுவும் காகிதத்தில்தான்; பேஸ் விஷயத்தில் அவ்வளவுகூடக் கிடைப்பதில்லை. இதைக் கேட்டதும் சிலர் பொறுப்பு வந்து முட்டை அட்டைகளை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் வசதியானவர் என்றால் ஃபோம். முட்டை அட்டை எதையும் தடுப்பதில்லை. ஃபோம் உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அதாவது உங்களுக்குப் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும். எங்களுக்குக் கிடைப்பது பழைய இடியேதான். ஊருக்குச் செய்த உபகாரத்திலும் லாபம் நமக்கே வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்க்காது.

பலன் தரும் வழிகளும் இருக்கின்றன. ஊஃபரைத் தரையில் வைக்காமல் கனமான ரப்பர் மேல் வையுங்கள். பொதுச் சுவரை ஒட்டி, அதுவும் மூலையில் வைக்காதீர்கள்; மூலை பேஸைப் பெருக்கும். கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தினால் வேர்க்குமே என்பீர்கள். வேர்க்கட்டும். இதையெல்லாம் விட எளிதான, காசே செலவில்லாத உபாயம் ஒன்று உண்டு. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகு இருக்கிறது. அது இடப்பக்கமும் திரும்பும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன்; சட்டத்தைப் போல நகைச்சுவை உணர்வுள்ள இலக்கியம் நம் நாட்டில் வேறில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே சுமார் 60 வந்துவிடும். இத்தனை மென்மையான ஒரு தேசத்தைக் கற்பனை செய்து விதி எழுதிய அந்த அதிகாரியை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் எந்த ஊரில் குடியிருந்தார் என்பதையும் கேட்பேன்.

வீட்டில் வைத்திருக்கும் சொந்த ஒலிக்கருவிக்கும் விதி உண்டு: உங்கள் எல்லைக் கோட்டில் அளந்தால், அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அப்படியானால் கூடிய மறுநிமிடமே புகார் செய்யலாமா? அவசரப்படாதீர்கள். வரம்பை 10 டெசிபல் தாண்டினால்தான் புகாருக்கு வழி என்றே விதி எழுதப்பட்டது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு உள்ள தடையை மீறுவதும் புகாருக்கு உரியது என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 10 டெசிபல் என்பது ஏதோ பத்து ரூபாய் மாதிரி இல்லை. ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. வருமான வரியில் இப்படிப் பத்து மடங்கு சலுகை கேட்டுப் பாருங்கள், விடிவதற்குள் வாசலில் ஜீப் நிற்கும்.

சரி, தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அளப்பது யார்? சென்னை உட்பட 7 பெருநகரங்களில் 2011 முதல் இயந்திரங்கள் வைத்து இரவும் பகலும் ஒலியை அளக்கிறார்கள். அளக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் தெருக்கோடி ஸ்டேஷனில் போய் டெசிபல் மீட்டர் இருக்கிறதா என்று கேட்டால், "ஆட்டோ மீட்டர்ல சூடு வெச்சிருந்தா அது வேற டிபார்ட்மென்ட் சார்" என்று பதில் வந்தாலும் ஆச்சரியமில்லை. 100க்கு போன் செய்தால் இப்படித்தான் நடக்கும்: உங்கள் பெயர், உங்கள் விலாசம், உங்கள் செல் நம்பர். சத்தம் போடுகிறவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. அரை மணியில் ரோந்து வண்டி வரும். இறங்கிய காவலர் அந்த வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "சார், மேல் வீட்டு சார்தான் கம்ப்ளைன்ட் பண்ணியிருக்கார், கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க" என்பார். பத்து நிமிடம் குறையும். மறுநாள் காலை உங்கள் ஸ்கூட்டர் டயரில் காற்று இருக்காது. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், "சிலர் அட்ஜஸ்ட் பண்ணிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று பூங்கொத்துப் படத்தோடு ஒரு காலை வணக்கம் வரும்.

இந்த 'அட்ஜஸ்ட்' விஷயத்தில்தான் என் ரத்தம் கொதிக்கிறது. "ஒரு நாள்தானே சார்" என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் என்று அவரவர் சொல்வதும் உண்மைதான். ஒரு தெருவில் எத்தனை வீடு? ஒரு நாள் காதுகுத்து, ஒரு நாள் மஞ்சள் நீராட்டு, ஒரு நாள் புதுமனைப் புகுவிழா, ஒரு நாள் தலைவர் பிறந்தநாள், ஒரு நாள் தலைவரை ஒத்துக்கொள்ளாத தலைவர் பிறந்தநாள். ஆடி வந்தால் கூழ். ஐயப்ப சீசனில் கன்னி பூஜை. மார்கழியில் விடியற்காலை நாலரைக்கே திருப்பாவையை டேப்பில் போட்டுவிட்டு, போட்டவர் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார். குழந்தைக்குக் காதுகுத்து என்று தெருவுக்கே எட்டுக் குழாய் கட்டுகிறவரிடம், குழந்தைக்கு இரண்டு துளைதானே, எங்களுக்கு எதற்கு இத்தனை என்று கேட்கத் தோன்றும். அந்தக் கூம்புக் குழாயின் வேலை ஒலியைத் தொலைவுக்கு அனுப்புவது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேருக்கு அது தேவையே இல்லை. அதன் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள்: விருந்துக்கு அழைக்கப்படாதவன் வீட்டை நோக்கி.

சாமி விஷயத்தில் தலையிடாதே என்பார்கள். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி மக்கள் தலையிட்டார்கள். காலனியின் ஜெபக்கூடத்தில் டிரம்ஸும் கித்தாரும் ஒலிபெருக்கியும் வைத்து ஆராதனை நடத்திய சபையோடு வழக்காடினார்கள். சத்தம் எங்களுடையது அல்ல, சாலையில் போகிற வண்டிகளுடையது என்பது சபையின் வாதங்களில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. ஊரே நாறுகிறது, என் சாக்கடையை மட்டும் ஏன் மோந்து பார்க்கிறாய் என்பதன் சட்ட வடிவம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் கொட்டியோ வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை. அது சர்ச்சுக்குச் சொன்னது என்று கோயில்காரர் நம்புகிறார். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சொன்னது என்று சர்ச்காரர் நம்புகிறார். மூவருக்கும் சொன்னது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மூன்றுக்கும் நடுவில் வாடகைக்கு இருப்பவன்.

கனவான்களையும் விட்டுவைக்க முடியாது. சேரியிலிருந்து சாவு ஊர்வலம் பறையடித்துப் போனால் 'நியூசன்ஸ்' என்று அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் புகார் போகும். அதே அசோசியேஷன் டிசம்பர் 31 அன்று மொட்டை மாடியில் டிஜே வைக்கும். அதற்குப் பெயர் 'கம்யூனிட்டி ஈவென்ட்'. பூங்காவில் கானா போட்ட பையனின் புளூடூத் ஸ்பீக்கரைப் பிடுங்க ஒரு கான்ஸ்டபிள் போதும். கல்யாண மண்டபத்து டிஜேவை நிறுத்த ஒரு கமிஷனரேட் போதாது. எவ்வளவு சத்தம் போட முடிகிறதோ அவ்வளவு பெரிய மனிதன் என்பதுதான் நம் ஊர்க் கணக்கு. கார் பெரிதாவது, சங்கிலி கனமாவது, குழாய் கூடுவது மூன்றும் ஒரே கணக்கு. ஆளில்லாத வீட்டில் யாரும் எட்டு ஊஃபர் வைப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் இருக்கிறான் என்ற நிச்சயம்தான் அந்தப் பாட்டின் சுவை.

ஒரு செய்தியை மட்டும் அங்கதமில்லாமல் சொல்ல வேண்டும். 1998 ஜனவரி தொடக்கத்தில் செய்தித்தாள்களில் வந்தது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி வல்லுறவுக்கு ஆளானாள். உதவி கேட்டு அவள் கதறிய கதறல் அக்கம்பக்கத்தில் எவர் காதிலும் விழவில்லை; ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெண் தீக்குளித்து இறந்துபோனாள். அதைப் படித்த ஒரு பொறியாளர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 ஜூலை 18 அன்று தீர்ப்பு வந்தது. பேசும் உரிமை எவருக்கும் உண்டு, கேட்க விரும்பாதவனைப் பிடித்துவைத்துக் கேட்கச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்றது. இரவு 10 மணித் தடையை உறுதியாக்கியது. பத்துக்கு மேல் நாதஸ்வரம் என்றாலும் நாமாவளி என்றாலும் இல்லை என்று ஆனது. அப்படியும் ஒரு ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்: திருவிழாக் காலங்களில் வருஷத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்குத் தரலாம். அந்தப் பதினைந்தை முந்நூற்று அறுபத்தைந்தாக வாசிக்கும் திறமை நம்முடையது.

தண்டனையும் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஐந்தாண்டு வரை சிறை என்றிருந்தது. யாரும் போய் இருந்து பார்க்காத அந்தச் சிறையை வீணாக வைத்திருப்பானேன் என்று 2024 ஏப்ரலில் இருந்து அபராதமாக மாற்றிவிட்டார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்து நிரூபிப்பது கஷ்டம் என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கஷ்டம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. குழாய் கட்டிய கம்பத்துக்குக் கீழேயே இருபதடி ஃபிளெக்ஸ் நிற்கிறது. அதில் 'ஒலி ஒளி உபயம்' என்று கொட்டை எழுத்தில் பெயர், பதவி, வார்டு எண், செல் நம்பர், வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரிக்கும் முகம். எந்தத் திருடனும் போலீஸுக்கு இவ்வளவு ஒத்துழைப்புத் தந்ததில்லை. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரின் படம் மட்டும்தான் அந்த பேனரில் இல்லை. இடம் போதாமல் விட்டிருப்பார்கள். அடுத்த விழாவுக்குச் சேர்த்துவிடுவார்கள்.