விட்டுப் பிரியாத உப்பு

உப்பே, உன்னைப் பாராட்டி ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறவர்கள் மஞ்சளோடு உன்னையும்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வாழையிலை விரித்தால் சோறு வருவதற்கு முன்பே இடது ஓரத்தில் நீ வந்து உட்கார்ந்துவிடுகிறாய். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டிலிருந்து யாராவது உன்னைக் கேட்டு வந்தால் கொடுக்க மாட்டார்கள். லட்சுமியைத் தூக்கிக் கொடுத்ததாகிவிடுமாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை வெயிலில் நடந்தது உன்னை ஒரு பிடி அள்ளுவதற்காகத்தான். உன்மேல் போட்ட வரி ஏழையின் சோற்றில் கை வைப்பது என்று நாடே கொதித்தது. நம் அடுக்களையில் இத்தனை மரியாதை பெற்ற பொருள் இன்னொன்று இல்லை. அந்த மரியாதைக்கு நீ எப்படிக் கைம்மாறு செய்கிறாய் என்பதைச் சிறுநீரகம் பழுதானவர்களின் வீடுகளில் பார்க்கலாம்.

முதலில் உன் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விடுகின்றன. மிஞ்சிய உப்பு அந்த வழியாகப் போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பிலோ நீ போக மறுக்கிறாய். தனியாகவும் தங்க மாட்டாய். 9 கிராம் உள்ளே நின்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை உன்னோடு நிறுத்திக்கொள்வாய். காலையில் முகம் அதைக்கிறது. சாயங்காலம் செருப்பின் வார் இறுகுகிறது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்ப நேரமாகிறது. இன்னும் கொஞ்ச நாள் நீ தங்கினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைமேல் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். கூப்பிட்டவரை நடுவழியில் விட்டுப் போகாத குணம் உன்னைப்போல் யாருக்கு உண்டு?

உன் அடக்கமும் பெரிது. நீ செய்யும் வேலையில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சத்தமே இல்லை. நீ இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறாய்; ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தின் மெல்லிய இரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் எண் பளிச்சென்று உயர்வதற்குள் பெரும்பாலும் சிறுநீரகத்தின் பாதித் திறன் போய்விட்டிருக்கும். அதுவரை நோய் வந்தவர் கல்யாண வீடுகளுக்குப் போய்க்கொண்டு, இலையில் இரண்டாம் தடவை ஊறுகாய் கேட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருப்பார். தன் வேலையை இவ்வளவு காலம் வெளியே தெரியாமல் செய்கிறவர்கள் குறைவு.

மருத்துவர்களோடு நீ மோதுவதும் இல்லை. சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கவும் அழுத்தத்தை இறக்கவும் அவர்கள் ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். நீ அதைத் தடுப்பதில்லை. அந்த மாத்திரையின் பலனில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறாய். அடுத்த முறை பார்க்கும்போதும் பிரஷர் அப்படியே நிற்கும். இரண்டாவது மாத்திரை சேரும். பிறகு மூன்றாவது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது வாசல்வரை வருகிறது. நீ அடுப்படியில் இருக்கிறாய்.

வீட்டில் யாருக்காவது கிரியேட்டினின் கூடிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு உன் செல்வாக்கு முழுதாக வெளிப்படும். அன்றிரவே பருப்பை நிறுத்துகிறார்கள். முட்டையை நிறுத்துகிறார்கள். பழம் கூடாது, கீரை கூடாது, பால் கூடாது என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றைக் கழிக்கிறார்கள். ஒரு மாதத்தில் தட்டில் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் ரசமும். அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன? ஊறுகாய். கூடவே சுட்ட அப்பளம், எண்ணெய் இல்லாததால் நல்லதாம். எல்லாரும் வெளியேறிய பிறகும் உன்னை மட்டும் அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. டயாலிசிஸுக்குப் போகிறவர் வீட்டிலும் இதே பட்டியல்தான் ஓடுகிறது. டயாலிசிஸ் செய்யாத கட்டத்தில் புரதத்தை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்தச் சொல்வது உண்டு. டயாலிசிஸ் தொடங்கியபின் இழப்பு அதிகம். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. அப்போதுதான் முட்டையும் மீனும் தட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதில்லை. சதை கரைந்து, சட்டை தொளதொளத்து, முகம் மட்டும் ஊதியபடி அவர் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். முந்தின டயாலிசிஸுக்குப் பிறகு மூன்று நான்கு கிலோ எடை கூடியிருக்கும். அது சாப்பாட்டின் எடை அல்ல, நீ கிளப்பிய தாகத்துக்காக அவர் குடித்த தண்ணீர். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி எல்லாரும் அவரைத்தான் அதட்டுகிறார்கள். உன்மேல் ஒரு சொல் விழுவதில்லை.

கண்ணில் படாமல் இருக்கும் கலையும் உனக்குக் கைவந்தது. "நான் உப்பே சேர்க்கிறதில்ல டாக்டர்" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. இலையில் தனியாக உப்பு வைப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு அதுதான் உப்பு. மோர்மிளகாயில், வடாமில், கருவாட்டில், கடையில் வாங்கிய மிக்சரில், பிரெட்டில், நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாப் பொட்டலத்தில், ஏன், இனிப்பு பிஸ்கட்டில்கூட நீ இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாக்கெட்டின் முதுகில் உன் பெயரை எழுதுவதில்லை, சோடியம் என்றுதான் எழுதுகிறார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால்தான் உன் எடை தெரியும். 800 மில்லிகிராம் சோடியம் என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நாளின் பங்கில் ஐந்தில் இரண்டை ஒரே பாக்கெட்டில் முடித்துவிடுகிறாய்.

உன் சுற்றமும் லேசுப்பட்டது அல்ல. உன்னைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்துப்பு என்று ஒரு பெயர் கிடைக்கிறது. இளஞ்சிவப்பு நிறம், மலையிலிருந்து வந்த கதை, மூன்று மடங்கு விலை. உள்ளே பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடு. இன்னொன்று சோடியம் குறைத்த உப்பு என்று விற்பது. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அங்கே பொட்டாசியம் குளோரைடைப் போடுகிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்லது செய்யலாம். பழுதானவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேறாது. இரத்தத்தில் 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டிய எண் 6-ஐத் தாண்டிப் போனால் இதயத் துடிப்பே தடுமாறும், நிற்கவும் கூடும். பொட்டாசியம் ஏறியவருக்கு உடம்புச் சூட்டுக்கென்று தினமும் இளநீர் வெட்டிக் கொடுப்பதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை உனக்கு நல்ல கூட்டாளி. சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயை அது சுருக்குகிறது, உன்னையும் தண்ணீரையும் உள்ளேயே பிடித்து வைக்கிறது.

உன்னை உண்பவர்களோடு நீ நின்றுவிடவும் இல்லை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உன்னை வாரிக் குவிப்பவர்கள், கண் கூசும் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே நிழல் இல்லாமல் நிற்கிறார்கள். பெண்கள் பலர் வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. ஒதுங்கக் கழிப்பறை கிடையாது. வெயிலில் நீர் வற்ற வற்ற ஆண்டுக்கணக்கில் உழைத்தால் சிறுநீரகம் கெடும். அதற்குக் காரணம் நீ அல்ல, வெயிலும் முதலாளிகளின் அலட்சியமும்தான். ஆனாலும் அது நடப்பது உன் பாத்தியில். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவிக்கும் மாநிலத்தில், பாத்தி ஓரத்தில் ஒரு கூரையும் குடிநீரும் கழிப்பறையும் கட்ட இன்னும் பல இடங்களில் கை வரவில்லை.

இனி உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கும் எங்களையும் பாராட்ட வேண்டும். மருத்துவமனையில் தரும் டயட் சீட்டை நாங்கள் மிகவும் பத்திரமாக வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் இன்சூரன்ஸ் அட்டைக்கும் நடுவில். எண்ணெய்க் கறை படவில்லை, மடிப்பு கலையவில்லை, அடுப்படிப் பக்கம் அது வந்ததே இல்லை. பிரஷர் பார்க்கும் கருவி அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. நடைப்பயிற்சிக்கு மகன் வாங்கிக் கொடுத்த ஷூவின் அடிப்பாகம் கடையில் இருந்ததுபோலவே இருக்கிறது.

எங்கள் பாசத்துக்கும் குறைவில்லை. "பாவம், நாக்கு செத்துப்போச்சு, இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று மாமியாரின் தட்டில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயை வைக்கிற மருமகளின் கையில் கள்ளம் இல்லை. மாமனாருக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாடு கொண்டுவரும் மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமை வருகிறது, அமாவாசைக்கு வருகிறது, பேரனின் பிறந்த நாளுக்கு வருகிறது.

பாசத்தின் மறுபக்கத்தையும் இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் சப்பென்று கொஞ்சம் தனியே வடித்து வைத்துவிட்டு, மற்றவர்கள் வற்றல் குழம்பும் அப்பளமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது கொடுமை. தாளிக்கும் வாசனை அவர் மூக்குக்கும் வரும். அப்படி ஒதுக்கப்பட்ட ஒருவர் மூன்றாவது வாரம் யாருக்கும் தெரியாமல் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. 5 கிராம் என்பது நோயாளிக்கென்று வகுத்த கணக்கே அல்ல; வளர்ந்தவர் எல்லாருக்கும் அதுதான். நம் ஊரில் சராசரியாக அதைவிட மிக அதிகமாகத்தான் சாப்பிடுகிறோம். பத்தியம் என்று நாம் அவருக்குத் தனியே சமைப்பது உண்மையில் நாம் அனைவரும் சாப்பிட வேண்டிய சாப்பாடு. அந்த வீட்டில் சர்க்கரையோ பிரஷரோ உள்ள இன்னொருவர் அநேகமாக இருப்பார், அவருடைய சிறுநீரகமும் அதே குழம்பைத்தான் வடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே பானை, எல்லாருக்கும் குறைந்த உப்பு. காய்கறியை வேகவைக்கும்போதும் மாவு பிசையும்போதும் போடாமல், இறக்கும்போது மட்டும் அளந்து போடுவது. இதைச் செய்த வீடுகளில் நோயாளி மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். பொட்டாசியம், புரதம், தண்ணீர் இவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், கட்டத்துக்குக் கட்டம் மாறும்; அதை அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரும் உணவு ஆலோசகரும்தான் சொல்ல வேண்டும். உப்பைக் குறைப்பதோ அநேகமாக எல்லாருக்கும் பொது. உடம்பிலிருந்து உப்பு தானாகவே அதிகம் வெளியேறும் சிலருக்கு மட்டும் மருத்துவர் வேறு விதமாகச் சொல்வார்.

உன்னை விலக்கினால் என்ன நடக்கும் என்று வெகுகாலத்துக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் கெம்ப்னர், சிறுநீரக நோயாலும் கடும் இரத்த அழுத்தத்தாலும் தவித்தவர்களுக்குச் சோறும் பழமும் பழச்சாறும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தார். பிரஷருக்கு நல்ல மாத்திரை எதுவும் இல்லாத காலம் அது. 1942-ல் ஒரு பெண்ணை இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பில் அது இரண்டு மாதம் என்று அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு மாதம் அதையே சாப்பிட்டுவிட்டு வந்தார். 190/120 இருந்த அழுத்தம் 124/84-க்கு இறங்கியிருந்தது. கண்ணுக்குப் பின்னால் இருந்த வீக்கம் வற்றியிருந்தது, பெருத்திருந்த இதயம் சுருங்கியிருந்தது. அந்த உணவில் புரதமும் கொழுப்பும்கூட மிகக் குறைவு. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இன்று யாரும் அதைச் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் அதில் நீ அநேகமாக இல்லவே இல்லை. நம் வீடுகளிலும் அன்றாடம் சோறுதான் வடிக்கிறோம். அதை நீ இல்லாமல் இலையில் வைக்க மட்டும் மனம் ஒப்பவில்லை.

இவ்வளவு பெருமைக்கும் நடுவில் உன்னிடம் ஒரு குறை உண்டு. நாக்கு உன்னை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முதல் இரண்டு வாரம் எல்லாம் சப்பென்றுதான் இருக்கும், கோபம்கூட வரும். மிளகும் சீரகமும் பூண்டும் கறிவேப்பிலையும் இறக்கிய பிறகு பிழியும் எலுமிச்சைத் துளியும் சேர்ந்து அந்த நாட்களைக் கடத்திவிடும். இரண்டு மூன்று மாதத்தில் பீன்ஸுக்கும் சுரைக்காய்க்கும் அதனதன் சுவை உண்டு என்று தெரிய ஆரம்பிக்கும். பிறகு ஏதோ ஒரு விசேஷத்துக்குப் போய், பந்தியில் சாம்பாரை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அந்த நோயாளியே கேட்பார்: "என்னங்க இது, இப்படிக் கரிக்குது?"