ஊர்தி அணியிலக்கணம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

செய்யுளுக்கு அணி எதற்கு என்று கேட்டால் தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வரிசையாக விரித்துப் பதில் சொல்லும். வண்டிக்கு அணி எதற்கு என்று சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரரைக் கேட்டேன். "ஒரு கெத்துதான் சார்" என்றார். அணியிலக்கணம் இதைவிடச் சுருங்கியதாகத் தெரியவில்லை.

காடு மேடு ஏறி, கூடாரம் அடித்துத் தங்குவதற்கென்று ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் பூட்டும் உறுப்புகளை மெக்கானிக்குகள் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்' என்பர். அவற்றைக் கருவிகள் என்பது பழைய கொள்கை. அணிகள் என்பது நம் கொள்கை. கருவி புழங்கப் புழங்கத் தேயும். அணியோ ஞாயிறுதோறும் பாலிஷ் போட்டுத் துடைக்கப்படும். கள ஆய்வு வேளச்சேரியில், எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. தரவுகள்: தார் ஜீப் ஒன்று, ஹிமாலயன் மோட்டார் சைக்கிள் இரண்டு. ஹிமாலயன்களில் ஒன்று ஆய்வாளருடையது. நடுநிலை பற்றிய வினாக்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

முதலில் சிலேடை. மகிந்திரா நிறுவனம் 2010இல் தன் ஜீப்புக்கு ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயரை வைத்தபோது தமிழ் அகராதியைப் புரட்டியிருக்க வாய்ப்பில்லை. தமிழில் தார் என்பது கழுத்தில் விழும் மாலை; சாலையில் ஊற்றும் கறுப்புக் குழம்பு; வாழைக்குலை. கீழ்வீட்டு வண்டி முதல் பொருளைப் பூசை போட்ட அன்று ஏற்றது. இரண்டாம் பொருளை விட்டு இன்றுவரை இறங்கியதில்லை. மூன்றாம் பொருளை ஏற்றுவதற்கு ஊரில் டாடா ஏஸ் இருக்கிறது. அது வரப்பு வரைக்கும் போகும். அதன் சக்கரத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

தண்டியார் அதிசயம் என்றதைப் பள்ளிப் புத்தகம் உயர்வு நவிற்சி என்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும் 'லிஃப்ட் கிட்'டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. தூக்கினால் பாறையில் அடிவயிறு உரசாது. ஆனால் எடைமையம் மேலே போவதால் வளைவில் வண்டி ஆடும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். தார் உரிமையாளரின் மாமியார் ஏற முடியாமல் தவித்ததால் டிக்கியில் நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலி ஏறியது. இவ்வாய்வில் தினசரி பயன்பாடு ஐயமற நிறுவப்பட்ட ஒரே உறுப்பு அதுதான். அதை அவர் ஃபிட்டிங்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை.

தன்மேம்பாட்டுரை என்று ஓர் அணி உண்டு; தன்னைத் தானே புகழ்வது. ஸ்டிக்கர்களும் ஹேண்டில்பாரில் படபடக்கும் திபெத்தியக் கொடிகளும் இதில் அடங்கும். அக்கொடியின் நீலம் வானம், வெள்ளை காற்று, சிவப்பு தீ, பச்சை நீர், மஞ்சள் மண். பஞ்சபூதத் தலங்களில் நான்கைத் தமிழ்நாட்டிலேயே வைத்துக்கொண்டு ஐந்தையும் லடாக்கில் தேடுவானேன் என்பது தனி ஆய்வுக்குரியது. என் வண்டியில் உள்ள கொடி புதுப்பேட்டையில் வாங்கியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லடாக்கின் கர்துங் லா கணவாயின் பலகையே நெடுங்காலம் 18,380 அடி என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அளந்தால் ஏறத்தாழ 17,582 அடிதான். மலைக்கே அணி வேண்டியிருக்கிறது.

இல்லாததை உவமையாக்கும் இல்பொருள் உவமைக்கு எடுத்துக்காட்டு ஜெர்ரி கேன். 1937 வாக்கில் ஜெர்மானிய ராணுவம் வடித்த 20 லிட்டர் தகரப் பாத்திரம் இதன் மூலம். மேலே மூன்று கைப்பிடி: நிறைந்த கேனை இருவர் பிடிக்கலாம், காலிக் கேன் என்றால் ஒருவரே ஒரு கையில் இரண்டைத் தூக்கலாம். அதைக் கண்டு வியந்த பிரிட்டிஷ் படையினர் நகலெடுத்துக்கொண்டு, ஜெர்மானியர்களுக்குத் தாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரையே அதற்கும் வைத்தார்கள். மணாலியிலிருந்து லே போகும் வழியில், தண்டி என்னும் ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று ஒரு பலகை உண்டு. அங்கே கேன் உயிர் காக்கும். (அலங்காரம் செய்த தண்டிக்கும் இந்தத் தண்டிக்கும் உறவு தேடுவோர் தம் சொந்தப் பொறுப்பில் தேடுக.) கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ இளநீர்க் கடைக்கு இளநீர்க் கடை பங்க். இருந்தும் என் வண்டியில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டு, இடமொன்று வலமொன்றாக, காலியாக.

தாரின் ஸ்நார்க்கெலுக்கு வருவோம். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய் அது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் மேலேறும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்க, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பாலைவனத்தில் இன்னொரு பயன்: முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதி மேலே குறைவு. ஆறும் பாலையும் இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை என்று வாதிடலாம். ஆனால் ஆய்வுக்களம் வேளச்சேரி. ஆறே வீடு தேடி வரும் பேட்டை. எந்தக் கூடுதல் உறுப்பும் இல்லாமலே 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தார் இறங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஆக, அணி கருவியாக மாறக்கூடிய ஒரே தருணத்துக்காகக் காத்திருந்தேன்.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தது. ஊரே காரை எடுத்துக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் வரிசையாக நிறுத்தியது. நோட்டுப் புத்தகத்தோடு நானும் போனேன். முன்னால் ஓர் ஆல்ட்டோ, பின்னால் ஒரு வேகன் ஆர், நடுவே ஸ்நார்க்கெலை வானத்தை நோக்கி உயர்த்தியபடி எங்கள் தார். உரிமையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இந்த மழைக்குத்தானே குழாய் போட்டீங்க?"

"தண்ணியில விட்டா அடியில துருப் பிடிச்சிடும் சார்."

நம் கருதுகோளுக்கு எதிரான சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் லாரிகள் இந்தியா முழுதும் திரிகின்றன. பின்னாலேயே கம்ப்ரஸர் லாரி. சாலை முடிந்த இடத்தில்தான் அவற்றுக்கு வேலை தொடங்கும். ஆட்கள் மாதக்கணக்கில் வண்டியோடே வாழ்ந்து, ஸ்டவ்வில் சோறு பொங்கி, லாரிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூங்குவார்கள். (நான்காவது தார். அகராதியில் சேர்த்துக்கொள்க.) உழுத வயலில் சக்கரம் புதைந்தால் கல்லும் பலகையும் கொடுத்து ஏற்றுவார்கள். அதே பலகை ஆரஞ்சு நிற பிளாஸ்டிக்கில் ஜி.பி. ரோட்டில் சோடியாக விற்கிறது. கூரையில் மாட்டினால் எடுப்பாக இருக்கும். ரிக் லாரியில் நான் கண்ட ஒரே அணி எலுமிச்சையும் மிளகாயும். எனவே இச்சான்று ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கப்படுகிறது.

அணியை மறுக்கும் மரபும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. புலவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி ஆய்வாளரின் சொந்தக் களப்பயணம், 2018, ஏலகிரி. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேரை விட்டுக்கொடுத்த பாரி, வண்டியைக் காட்டிலேயே விட்டு நடந்து வீடு சேர்ந்த நம் முதல் பயணி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், கேம்பிங் சாமானைத் தொலைத்த முதல்வர். பாதி மலையில் என் கேன் ஸ்டாண்டின் நட்டு கழன்று எங்கோ விழுந்தது. கேனைத் துண்டால் கட்டிக்கொண்டு ஏறினேன். கூடாரம் அடித்தேன்; எறும்பு வந்தது; லாட்ஜில் அறை எடுத்தேன். திரும்பியதும் மெக்கானிக், "ஓட்டைச் சாலையில போனா ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா நட்டையெல்லாம் முறுக்கணும் சார். ஒரு சொட்டு லாக்டைட் பசையும் விடணும்" என்றார். ஏலகிரிச் சாலை அன்று வழவழவென்றிருந்ததை நான் சொல்லவில்லை.

மறு ஆண்டு சென்னை வறண்டது. ஜூலையில் ஏலகிரி அடிவாரத்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாளில் வீட்டில் இருந்த இரண்டு குடமும் போதாமல், கேன்களைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். பெட்ரோல் வாசனையே அறியாதவை, குடிநீருக்கு உகந்தவை.

"என்ன தம்பி, மண்ணெண்ணெயா? அது ரேஷன் கடையில" என்றார் முன்னால் நின்ற அம்மா.

"தண்ணிக்குத்தாம்மா."

கேனில் ஒட்டியிருந்த பனிமலை ஸ்டிக்கரை ஒரு முறை பார்த்துவிட்டு, தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். இரண்டும் சேர்ந்து பத்து லிட்டர் பிடித்தன.