மே மாத மராமத்து

பூண்டி மலையடுக்கில் விளைவது பூண்டு. கொடைக்கானல் டவுனில் விளைவது வாடகை. பூண்டியிலிருந்து வேலைக்கு வந்து டவுனில் அறை எடுத்துத் தங்கும் பையன்களுக்கு ஹவுஸ் ஓனர் தங்கமான மனிதர்தான், சீசன் பிறக்கும்வரை.

“தம்பி, சின்ன மராமத்து வேலை. ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்.”

தம்பி பஸ் ஏறியதும் கட்டிலுக்குப் புது பெட்ஷீட், வாசலில் ‘ரூம் ரெடி’ அட்டை. மராமத்து முடிந்தது. நகர மறுக்கும் தம்பிக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர்.

2019-இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரெல்லாம் தெரியும். அதே ஆண்டு பிப்ரவரி 22-இல் தமிழகத்தின் புதிய வாடகைச் சட்டமும் அமலுக்கு வந்தது. அது ஓனருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தி ஆளைக் கிளப்பக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கையில் ரசீது இருக்க வேண்டும். “நமக்குள்ள எதுக்கு தம்பி பேப்பரு?” என்று கேட்கும் பாசக்கார ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியதே அந்தப் பேப்பரைத்தான்.

ஒரு ஓனர் கடைசியில் இறங்கிவந்தார். வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம். ஜூன் முதல் ஏப்ரல் வரை.