தீர்த்தமும் பதவியும்

குதிரை முகத்து இளவரசி மாருதப்புரவீகவல்லியின் முகத்தையே திருத்தியதாக ஐதீகம் கூறும் கீரிமலைத் தீர்த்தம் அமைந்த இலங்கையின் வட மாகாணத்தில், 2017 ஜூனில், முதலமைச்சர் விக்னேஸ்வரன் தாம் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையைக் காட்டி இரு அமைச்சர்களைப் பதவி விலகவும், குற்றம் நிறுவப்படாத வேறு இருவரை விடுப்பில் செல்லவும் கேட்டபோது, கறை படிந்தது அவர்மீதே என்றாயிற்று. அவரது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதன்மைக் கட்சியான தமிழரசுக் கட்சியின் உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை, அதாவது சபை தன் தலைவரை நம்பவில்லை என்னும் அறிவிப்பை, ஆளுநரிடம் கொண்டு சென்றனர். மத்திய அரசின் ஆளான ஆளுநருக்கு அதிகாரம் மிகுதி என்று அதுவரை முறையிட்டவர்களும் இவர்களே. தீர்மானம் சில நாள்களில் கைவிடப்பட்டது. பின்னர் நீக்கப்பட்ட ஓர் அமைச்சரின் நீக்கத்துக்கு 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவே, முதலமைச்சர் நீங்கலாக நான்கு அமைச்சர்களுக்கு மேல் ஆகாதென அரசியலமைப்பு வரையறுத்த அமைச்சர் சபையில், ஐந்தாமவர் யார் என்னும் ஆராய்ச்சி தொடங்கியது.