ஃபிரிட்ஜ் ஊறுகாயும் ஈரக் கரண்டியும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வெயில் காணாமல், வேடு கட்டாமல், ஃபிரிட்ஜுக்குள் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாளே தட்டுக்கு வருவதை ஊறுகாய் என்று ஒப்புக்கொள்ளலாமா? இதில் அறிஞர்கள் இரு கட்சி. பீங்கான் ஜாடிக் கட்சி, "அது ஊறவில்லை, நனைந்திருக்கிறது" என்கிறது. கண்ணாடி பாட்டில் கட்சி மறுப்புரை எழுதுவதற்குள் பாட்டிலில் பாதி காலியாகிவிடுகிறது. இரு கட்சியும் கவனியாது விட்ட கரண்டியே இவ்வாய்வின் மையம்.

2. மாதிரி

மாங்காய் இஞ்சி மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மஞ்சள் இனத்துக் கிழங்கு. மாங்காய் வாசனை மட்டும் இரவல். தோல் சீவிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். கீறிய பச்சை மிளகாய், ஒரு கொத்துப் பச்சை மிளகு, கல் உப்பு சேர்த்து, எல்லாம் மூழ்கும்படி எலுமிச்சை பிழிய வேண்டும். பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். தாளிப்பு கட்டாயமா என்பதில் ஆய்வாளருக்கும் வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

3. கோட்பாடு

உப்பு வில்லையிலுள்ள நீரை வெளியே இழுக்க, புளிப்பு உள்ளே இறங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. 4.6-க்குக் கீழே பாட்டுலிச நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. மற்ற கிருமிகளில் பலவற்றை 4 டிகிரி செல்சியஸ் குளிர் மந்தமாக்கிவிடும். ஜாடியில் இந்த வேலையைச் செய்தவை அள்ளிப் போட்ட உப்பும், வெயிலும், மேலே நின்ற நல்லெண்ணெயும். ஆக, ஃபிரிட்ஜ் ஊறுகாயில் உப்பைக் குறைக்க முடிவது கைப்பக்குவத்தால் அல்ல, மின்வாரியத்தின் உபயத்தால்.

பூஞ்சை மட்டும் இந்தக் குளிருக்கு அடங்காது. சாற்றுக்கு மேல் தலை நீட்டும் வில்லையில்தான் அது முதலில் குடியேறும்.

4. கள ஆய்வு

கரண்டி நான்கு வகைப்படும்: உலர்ந்தது; கழுவிய ஈரத்தோடு வந்தது; தயிர்சாதத்திலிருந்து நேரே வந்தது; கரண்டியின் பதிலியாக வந்த விரல். முதல் வகை கொள்கை அளவில் உண்டு. இரண்டாவது சாற்றை நீர்க்கச் செய்கிறது. மூன்றாவது ஒரு சோற்றுப் பருக்கையை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. பூஞ்சைக்கு அதுவே அழைப்பிதழ். நான்காவதைச் செய்தவர், விசாரணையின்போது வீட்டில் இல்லாதவராகவே எப்போதும் இருக்கிறார்.

5. முடிவுகள்

(அ) பெரிய ஜாடியைத் திறக்கும் உரிமை வீட்டில் ஒருவருக்கே இருந்தது. அன்றாடத்துக்கு அவர் சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்தார். ஃபிரிட்ஜ் கதவோ யார் இழுத்தாலும் திறக்கும். ஊறுகாய் கெடுவது பெரும்பாலும் குளிர் குறைந்து அல்ல, காவல் குறைந்து.

(ஆ) கதவுத் தட்டில் பாட்டிலை வைக்கலாகாது. திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும் இடம் அது.

(இ) பூஞ்சையை மேலாக வழித்துவிட்டு மீதியை உண்பது ஆய்வு நெறிக்கும் வயிற்றுக்கும் புறம்பானது. மொத்தமாகக் கொட்டிவிடுக.

(ஈ) 'ஊறுகாய்' பட்டத்தை இதற்கு வழங்கலாம். செல்லுபடி சில வாரங்களே.

6. பரிந்துரை

ஒரு வாரத்துக்கு வேண்டியதை உலர்ந்த கரண்டியால் கிண்ணத்தில் எடுத்து முன்னால் வையுங்கள். பாட்டிலைக் கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். கீரையை எடுத்துப் பார்க்க யாரும் துணிவதில்லை.